குதிரை நடக்க, உடல் கற்கிறது

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தையைத் தரையில் நிறுத்தினால் இரண்டு தொடைகளும் உள்நோக்கி இறுகி, கால்கள் பின்னிக்கொள்ளும். ஓர் அடி எடுத்துவைப்பது பெரும்பாடு. அதே குழந்தையை நிதானமாக நடக்கும் ஒரு குதிரையின் முதுகில் உட்காரவையுங்கள். குழந்தையின் இடுப்பெலும்பு, நடக்கிறவர்களின் இடுப்பு அசைவதைப் போலவே அசையத் தொடங்குகிறது. முன்னும் பின்னும் சாய்கிறது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. இடமும் வலமுமாகச் சற்றே திரும்புகிறது. பாதங்கள் தரையைத் தொடவே இல்லை. ஆனாலும் இடுப்புக்கு மேலே உள்ள உடல், நடக்கும் உடல் செய்யவேண்டிய வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரைச் சவாரி அளிக்கும் அறக்கட்டளைகள் உலகெங்கும் இந்த உண்மையின் மேல்தான் நிற்கின்றன. பெரும்பாலானவை நன்கொடையாலும் தன்னார்வலர்களின் உழைப்பாலும் நடப்பவை. சிரித்த முகத்தோடு குதிரைமேல் இருக்கும் குழந்தையின் படத்தைப் பார்த்து மனம் நெகிழ்ந்து கொடுப்பவர்கள் பலர். நல்ல மனம்தான். ஆனால் அந்தக் குதிரையின் நடை எப்படி வேலை செய்கிறது, அது கெடாமல் இருக்க என்னென்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு கொடுத்தால் உதவி பல மடங்கு பயன் தரும்.

நான்கு காலடி, மூன்று திசை

குதிரையின் சாதாரண நடை நான்கு தாளம் கொண்டது. இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால் என்று ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றும். எந்த நொடியிலும் குறைந்தது இரண்டு கால்களாவது மண்ணில் இருக்கும். ஓட்டத்தில் வருவதைப்போல உடல் காற்றில் எழும்பி விழுவது கிடையாது. அதனால்தான் சிகிச்சைக்கு ஓட்டத்தைவிட நடையே பெரிதும் பயன்படுகிறது.

இடது பின்னங்கால் தரையை விட்டு எழுந்து முன்னே வரும்போது குதிரையின் இடுப்பு அந்தப் பக்கம் இறங்குகிறது. வயிறு வலப்பக்கம் சாய்கிறது. மேலே உட்கார்ந்திருப்பவரின் இடது இடுப்பும் கூடவே இறங்கி முன்னே செல்கிறது. அடுத்து வலது பின்னங்கால் எழும்போது இதே அசைவு மறுபக்கம் நடக்கிறது. மனிதர் நடக்கும்போதும் இடுப்பெலும்பு மேல்கீழாகவும், பக்கவாட்டிலும், சுழன்றும் இப்படித்தான் இயங்குகிறது.

குதிரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 முதல் 60 முறை இந்த நான்கு தாளத்தை முடிக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு பின்னங்கால்களும் ஒருமுறை உந்துவதால், நிமிடத்துக்கு 100-க்கும் மேற்பட்ட அசைவுகள் சவாரி செய்பவரின் இடுப்புக்கு வந்து சேர்கின்றன. 20 நிமிடம் நடந்தால் 2,000. எவ்வளவு திறமையான இயன்முறை மருத்துவராக இருந்தாலும், ஒரு குழந்தையின் இடுப்பைக் கையால் பிடித்து மூன்று திசையிலும் ஒரே தாளத்தில் 2,000 முறை அசைக்க முடியாது.

இந்த அசைவுகள் உடலைச் சும்மா விடுவதில்லை. ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவரைப்போல, குதிரைமேல் இருப்பவர் ஒவ்வொரு நொடியும் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். உட்செவியின் சமநிலை உறுப்பு, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்நரம்புகள், கண்கள் ஆகிய மூன்றும் தகவல் அனுப்புகின்றன. சிறுமூளை அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, முதுகுத் தசை எவ்வளவு இறுகவேண்டும், வயிற்றுத் தசை எப்போது இழுக்கவேண்டும் என்று கட்டளையைத் திருத்துகிறது. தாளம் ஒரே சீராக இருப்பதால் மூளையால் அடுத்த அசைவை முன்கூட்டியே எதிர்பார்க்க முடிகிறது. எதிர்பார்த்துத் தயாராவதுதான் சமநிலையின் அடிப்படைத் திறமை.

பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் இந்த நடையை மருந்தின் அளவை மாற்றுவதுபோல் கூட்டியும் குறைத்தும் தருகிறார். குதிரையை நிறுத்தச் சொன்னால் உடல் முன்னே சாயும். அதைத் தடுக்க முதுகுத் தசைகள் வேலை செய்யும். வட்டமாக நடக்கவைத்தால் உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும். விலாப்பக்கத் தசைகள் விழித்துக்கொள்ளும். சில நேரம் குழந்தையைப் பின்னோக்கித் திருப்பி உட்காரவைப்பதும் உண்டு.

கால்களுக்கும் பலன் உண்டு. குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நம்முடையதைவிடச் சற்றுக் கூடுதல். சேணத்துக்குப் பதிலாகத் தடித்த விரிப்பை மட்டும் போட்டு உட்காரவைத்தால் அந்தக் கதகதப்பு தொடைகளுக்கு ஏறும். கால்கள் அகன்ற நிலையில் இருக்க, வெப்பமும் தாளமும் சேர்ந்து தொடையின் உள்தசை இறுக்கத்தைத் தளர்த்துகின்றன.

ஹெல்சிங்கியிலிருந்து தொடங்கிய பாதை

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டல் தேர்ந்த குதிரையேற்ற வீராங்கனை. 1944-ல், 23 வயதில், கருவுற்றிருந்த காலத்தில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் தூக்கிவிட வேண்டிய நிலை. குதிரைக்குக் காலால் குறிப்புக் கொடுப்பதே டிரெஸாஜ் என்ற நடைநயப் போட்டியின் உயிர்நாடி. அந்தக் குறிப்புகளை உடல் எடையை மாற்றியும் முதுகை அசைத்தும் கொடுக்க அவர் மீண்டும் கற்றுக்கொண்டார். அதுவரை ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே என்றிருந்த ஒலிம்பிக் டிரெஸாஜ், 1952-ல் ஹெல்சிங்கியில்தான் பெண்களுக்கும் திறந்தது. அந்த முதல் வாய்ப்பிலேயே, ஜூபிலி என்ற குதிரையில், ஆண்களோடு போட்டியிட்டு ஹார்டல் வெள்ளி வென்றார். 1956-லும் வெள்ளி வென்றார்.

அந்த வெற்றி ஐரோப்பாவின் மருத்துவர்களையும் குதிரைக்காரர்களையும் யோசிக்கவைத்தது. உடல் ஊனம் உள்ளவர்களால் சவாரி செய்ய முடியாது என்ற எண்ணம் மாறியது. 1969-ல் பிரிட்டனில் ரைடிங் ஃபார் த டிஸேபிள்ட் அசோசியேஷன், சுருக்கமாக ஆர்.டி.ஏ., உருவானது. இளவரசி ஆன் 1971-ல் அதன் புரவலராகி, 1985 முதல் தலைவராக இருந்துவருகிறார். இன்று அதன்கீழ் 400-க்கும் மேற்பட்ட உள்ளூர்க் குழுக்கள் இயங்குகின்றன. சவாரியோடு, சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய குதிரை வண்டி ஓட்டும் பயிற்சியும் உண்டு. சிங்கப்பூரில் 1982-ல் தொடங்கிய ஆர்.டி.ஏ., வருபவர்களிடம் கட்டணம் வாங்காமல் இந்தப் பயிற்சியை அளித்துவருகிறது.

இந்தப் பாதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சோஃபி கிறிஸ்டியன்சன் நல்ல சான்று. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த அவர், உடலுக்கு நல்லது என்பதற்காக 6 வயதில் ஓர் ஆர்.டி.ஏ. குழுவில் குதிரை ஏறினார். 2004-ல் ஏதென்ஸில் 16 வயதில் பாராலிம்பிக் வெண்கலம். அடுத்த மூன்று பாராலிம்பிக் போட்டிகளில் சேர்த்து 8 தங்கம்.

சிகிச்சை வேறு, சவாரி வேறு

உதவ முன்வருபவர்கள் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹிப்போதெரபி என்பது மருத்துவச் சிகிச்சை. இயன்முறை மருத்துவரோ, செயல்வழிச் சிகிச்சையாளரோ, பேச்சுப் பயிற்சியாளரோ ஒரு குறிப்பிட்ட குறிக்கோளுக்காகக் குதிரையின் அசைவைப் பயன்படுத்துவார். குதிரையை நடத்துவது நோயாளியின் வேலை அல்ல. சிகிச்சைச் சவாரி என்பது வேறு. அங்கே மாணவர் குதிரையை நடத்தக் கற்றுக்கொள்கிறார், கடிவாளத்தைப் பிடிக்கிறார், நிற்கச் சொல்கிறார், திரும்பச் சொல்கிறார். அதைப் பயிற்றுநர் கற்பிக்கிறார். உடல் நலம் அதில் கூடவே வருகிறது. அறக்கட்டளைகள் பெரும்பாலும் இரண்டாவதையே செய்கின்றன. இரண்டுக்கும் தேவைப்படும் ஆட்களும் தகுதிகளும் வேறு. எதை அளிக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லும் அமைப்பு நம்பத்தக்கது.

ஆய்வுகள் காட்டுவது

2003-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் மூளை முடக்குவாதம் உள்ள 15 குழந்தைகள் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழு 8 நிமிடம் நடக்கும் குதிரையில் இருந்தது. மற்றொரு குழு அதே நேரம் அசையாத பீப்பாயின் மேல் கால்களை அகட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்பும் பிறகும் தசைகளின் மின்செயல்பாட்டை அளந்தார்கள். குதிரையில் இருந்தவர்களுக்கு உடலின் இரு பக்கத் தசைகளும் கூடுதல் சீராக இயங்கின. பீப்பாய்க் குழுவில் அந்த முன்னேற்றம் இல்லை. கால்களை அகட்டி உட்கார்வது மட்டும் போதாது, நடைதான் வேலை செய்கிறது என்பதை அந்த ஒப்பீடு காட்டியது.

ஜெர்மனியில் தண்டுவட மரப்பு நோய் உள்ள 70 பெரியவர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு, வழக்கமான மருத்துவத்தோடு 12 வாரம் ஹிப்போதெரபியும் பெற்றவர்களின் சமநிலை கூடுதலாக மேம்பட்டதைக் கண்டது. அமெரிக்காவின் கொலராடோவில் ஆட்டிசம் உள்ள, 6 முதல் 16 வயது வரையிலான 127 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வந்தது. 10 வாரம் சவாரி செய்தவர்களுக்கு எரிச்சலும் மிகை இயக்கமும் குறைந்தன. பிறரோடு தொடர்புகொள்வது மேம்பட்டது. அதே லாயச் சூழலில், குதிரையைத் தொடாமல், குதிரைகளைப் பற்றிப் படித்த குழுவோடு ஒப்பிட்டுக் கிடைத்த முடிவு இது.

மறுபக்கமும் உண்டு. மூளை முடக்குவாதம் உள்ள 99 குழந்தைகளை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு, வாரம் ஒருமுறை வீதம் 10 வாரச் சவாரி குழந்தைகளின் பொது உடல்நலத்திலோ வாழ்க்கைத் தரத்திலோ பெரிய மாற்றத்தைக் கொண்டுவரவில்லை என்று முடித்தது. உட்காரும் நிலை, சமநிலை, தசைச் சீர்மை போன்ற குறிப்பிட்ட திறன்களில் பலன் தெரிகிறது. வாழ்க்கை முழுவதையும் ஒரே அளவுகோலால் அளக்கும்போது அது எளிதில் தென்படுவதில்லை. எனவே ‘குதிரை குணமாக்கும்’ என்று வாக்குக் கொடுக்கும் எந்த அமைப்பையும் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும். மூளையில் ஏற்பட்ட பாதிப்பைக் குதிரை நீக்காது. மீதமுள்ள திறனை உடல் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வழி செய்யும்.

அது போதாதா என்றால், போதும் என்றே சொல்வேன். நாள் முழுவதும் பிறர் தள்ளும் நாற்காலியில் இருப்பவர், 400 கிலோ எடையுள்ள ஓர் உயிரை ‘நட’ என்று சொல்லி நடக்கவைக்கிறார். தலை நிமிர்ந்து பார்த்த முகங்களை மேலிருந்து பார்க்கிறார். எந்தக் கருவியாலும் அளக்க வராத இந்த மாற்றத்துக்கும் மதிப்பு உண்டு.

நடை கெடாமல் இருக்க

சிகிச்சை குதிரையின் நடையில் இருக்கிறது என்றால், அந்த நடையைக் காப்பதுதான் அறக்கட்டளையின் முதல் கடமை. செலவுக் கணக்கை இந்தக் கோணத்தில் பார்த்தால் ஒவ்வொரு வரிக்கும் காரணம் தெரியும்.

குதிரையின் குளம்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வெட்டிச் சீர்செய்யாவிட்டால் கால் ஊன்றும் கோணம் மாறும்; காலடி தடுமாறும். குதிரை ஒரு காலை நோவோடு ஊன்றினால், இரு பக்கமும் சமமாக இயங்கக் கற்கவேண்டிய குழந்தையின் உடலுக்குச் சமமில்லாத தாளம் போய்ச்சேரும். லாடம் அடிப்பவருக்குக் கொடுக்கும் கூலி அந்தக் குழந்தையின் முதுகுத்தண்டுக்குச் செய்யும் செலவு.

பற்களும் அப்படியே. குதிரையின் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈறிலிருந்து வெளிவந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது தேய்ந்து ஓரங்கள் கூராகும். கன்னத்தையும் நாக்கையும் அது கிழித்தால் கடிவாளம் வாயில் பட்டதுமே குதிரை தலையை உதறும், முதுகை விறைப்பாக்கும். விறைத்த முதுகில் ஊசலாட்டம் வராது. எனவே ஆண்டுக்கு ஒருமுறையாவது பல்லைப் பார்த்து அரம் போட்டு மழுக்கவேண்டும். பொருந்தாத சேணமும் இதே கேட்டைச் செய்யும்.

தீவனம்: குதிரை தன் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு அளவுக்கு உலர்புல் தின்னும். 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு 6 முதல் 8 கிலோ. மழை நாளிலும், சவாரி இல்லாத விடுமுறை நாளிலும் இந்தச் செலவு நிற்காது.

எல்லாக் குதிரைகளும் இந்த வேலைக்கு ஆகா. குதிரை இயல்பிலேயே வேட்டையாடப்படும் விலங்கு. திடீர் சத்தத்துக்கு மிரண்டு ஓடுவதே அதன் தற்காப்பு. சிகிச்சைக் குதிரையோ தன் விலாவை ஒட்டி இரண்டு பேர் நடப்பதையும், தலைக்கு மேலே தூக்குக் கருவி நகர்வதையும், முதுகில் எதிர்பாராத கூச்சலையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். உடல்வாகும் முக்கியம். தொடைத் தசை இறுகியவருக்கு ஒடுங்கிய முதுகுள்ள குதிரை தேவை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவரைப்போலத் தசைகள் தளர்ந்தவருக்கு அகன்ற முதுகு நல்ல தாங்கல் தரும்.

எடைக்கும் வரம்பு உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோவில் 8 குதிரைகளை வைத்து நடந்து 2008-ல் வெளியான ஆய்வு, உடல் எடையில் 15, 20, 25, 30 விழுக்காடு சுமைகளை ஏற்றிப் பார்த்தது. 25 விழுக்காட்டிலிருந்து குதிரைகளுக்குத் தசை வலியும் இறுக்கமும் தெரிந்தன. 20 விழுக்காடு என்பதைப் பல மையங்கள் உச்ச வரம்பாக வைப்பதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம். எடை கூடிய பெரியவருக்கு ‘இல்லை’ என்று சொல்லும் மையம் மனமில்லாமல் சொல்வதில்லை. குதிரையைக் காப்பதற்காகச் சொல்கிறது.

தரையில் நடப்பவர்கள்

பெரும்பாலான மையங்களில் ஒரு புதிய மாணவர் குதிரையேற மூன்று பேர் கூட நடக்கவேண்டும். முன்னே ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்துவார். இரு பக்கமும் இருவர். பக்கத்தில் நடப்பவர் தன் முன்கையைச் சவாரி செய்பவரின் தொடைமேல் குறுக்காக வைத்து, சேணத்தின் முன் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். குதிரையின் கழுத்தைப் பார்த்தபடி நடந்தாலும், அவருடைய கவனம் முழுக்க அந்தத் தொடையில்தான். உடல் எந்தப் பக்கம் சரியத் தொடங்குகிறது என்பதைக் கையே முதலில் உணரும். பத்து நிமிடத்தில் தோள் கடுக்கும். அப்போது குதிரையை நிறுத்தி, ஒருவர் பிடியைவிட மற்றவர் பிடித்தபடி, ஒவ்வொருவராகப் பக்கம் மாறுவார்கள். மாணவர் ஒரு நொடியும் பிடிமானம் இல்லாமல் இருக்கக் கூடாது. மாணவரின் தலையில் கவசம் இருக்கும். அங்கவடி ஆபத்தில் பாதத்தை விட்டுக் கழன்றுகொள்ளும் வகையாக இருக்கும்.

ஒரு பக்கத்துத் தன்னார்வலர் சொல்லாமல் வராமல் போனால் அன்றைக்கு அந்த மாணவரால் ஏற முடியாது. ஒரு வாரமாகக் காத்திருந்தவரைத் திருப்பி அனுப்பவேண்டும். பணத்தால் உடனே ஈடுகட்ட முடியாத இழப்பு இது. ஆகவே வாரம் ஒரு மணி நேரம் தவறாமல் வருகிறவர், எப்போதாவது வந்து முழுநாள் உழைப்பவரைவிட அறக்கட்டளைக்குப் பெரிய பலம். குதிரை ஏறத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மணலில் நடக்கும் கால்களும், பயிற்றுநர் சொல்வதைக் கேட்கும் பொறுமையும் போதும்.

ஏற்றக்கூடாதவர்களை ஏற்றாமலிருப்பதும் அறிவியல்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கும்; ஓர் அதிர்வு தண்டுவடத்தையே பாதிக்கலாம். இடுப்பு மூட்டு விலகியவர்கள், கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்கள், எலும்பு மிகவும் நலிந்தவர்கள், அழுத்தப் புண் உள்ளவர்கள் ஆகியோருக்கும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் சவாரி கூடாது. முதல் நாளே மருத்துவக் குறிப்பைக் கேட்காமல் குழந்தையைக் குதிரையில் ஏற்றும் மையத்துக்கு நன்கொடை கொடுக்காதீர்கள். உங்கள் குழந்தையையும் அனுப்பாதீர்கள்.

எப்படித் துணைநிற்கலாம்

ஒரு மையத்தைப் பார்க்கப் போனால் முதலில் லாயத்துக்குப் போங்கள். தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறதா, குளம்பு கடைசியாக எப்போது வெட்டப்பட்டது, ஒரு குதிரை நாளுக்கு எத்தனை மணி நேரம் உழைக்கிறது, அதற்கு எத்தனை நாள் ஓய்வு என்று கேளுங்கள். வயதாகிப்போன குதிரை என்னவாகிறது என்றும் கேளுங்கள். பல ஆண்டுகள் பிறருக்காக நடந்த உயிருக்கு முதுமையில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கும் அமைப்பு, பொறுப்போடு நடக்கும் அமைப்பு.

பிறகு கொடுங்கள். ஒரே முறை பெருந்தொகை கொடுப்பதைவிட மாதந்தோறும் சிறுதொகை கொடுப்பது லாயத்துக்கு உதவும், ஏனென்றால் தீவனக் கணக்கு மாதந்தோறும் வருவது. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தைக் கட்டித்தரும் தச்சர், ஆண்டுக் கணக்கை முடித்துத்தரும் தணிக்கையாளர், கட்டணம் குறைத்துக்கொள்ளும் கால்நடை மருத்துவர் ஆகியோரின் உழைப்பும் பணத்துக்குக் குறைந்ததல்ல. புதுக்குதிரை வாங்கவும் பந்தல் போடவும் பணம் எளிதில் திரளும், பெயர்ப்பலகை வைக்கலாம். உலர்புல்லுக்கும் லாடத்துக்கும் பல் அரத்துக்கும் பணம் திரட்டுவதுதான் கடினம். அவற்றில் பெயர் பொறிக்க இடமில்லை.

அங்கேதான் உங்கள் உதவி வேண்டும். குதிரையின் காலடி சமமாக விழும்வரைதான் அதன்மேல் இருப்பவரின் உடல் சமநிலையைக் கற்கும். அந்தக் காலடியைக் காக்கும் செலவுக்குக் கொடுப்பவர், நேரடியாகச் சிகிச்சைக்கே கொடுக்கிறார்.